மூணு வெட்டுப் போட்ட மேசைக்கால்

மலையடிவாரத்துல ஒரு ஊரு. அந்த ஊர்ல சடையாண்டி, சடையாண்டின்னு ஒரு தச்சன் இருந்தானாம். மத்த தச்சனுங்க எல்லாம் காட்டுக்குப் போனா நேரா வளந்த மரமாப் பாத்து வெட்டிக்கிட்டு வருவாங்க. இவன் மட்டும் வளைஞ்சு நெளிஞ்சு கெடக்குற கிளையாப் பாத்துத் தூக்கிட்டு வருவானாம். வீட்டுக்கு முன்னாடி ஒரு குவியல், பின்னாடி ஒரு குவியல், கூரை மேல ஒரு குவியல். அவன் பொண்டாட்டி உலகம்மா, "எரிக்கவும் விடமாட்டேங்குற, எடுத்து ஒண்ணும் செய்யவும் மாட்டேங்குற, நான் எங்கதான் நடக்குறது?"ன்னு கேப்பாளாம். ஊருக்குள்ள அவன் பேரே கோணக்கட்டைன்னு ஆயிடுச்சு. அப்படிக் கூப்பிட்டாலும் அவன் கோவிச்சுக்காம திரும்பிப் பாத்துச் சிரிப்பானாம். அப்படி ஒரு ஆளு.

அந்த நாட்டு ராசாவுக்கு ஒரே பொண்ணு. அமுதவல்லின்னு பேரு, ஏழு வயசு. சின்னதுல வந்த ஒரு காய்ச்சல்ல காலு ரெண்டும் வில்லாட்டம் வளைஞ்சு போச்சு. எதையாவது பிடிச்சாத்தான் நிக்க முடியும். தூணைப் பிடிக்கலாம்னா கைக்கு அடங்கல. மேசையைப் பிடிக்கலாம்னா, அரண்மனை ரொம்பப் பழசு, கல்லுத் தரை மேடும் பள்ளமுமா இருக்கும். பொண்ணு பிடிச்சதும் மேசை டக்குனு ஆடும், பொண்ணு பொத்துனு விழும். ஒரு தடவை விழுந்துச்சு, ரெண்டு தடவை விழுந்துச்சு, மூணாவது தடவை விழுந்து நெத்தி வீங்கினதும், இனிமே நான் நிக்கவே மாட்டேன்னு தரையில உக்காந்துடுச்சு. பாவம், அப்புறம் எங்க போறதுன்னாலும் தவழ்ந்துதான் போகுமாம்.

ராசா மனசு கேக்கல. நாட்டுல இருக்குற தச்சனுங்களை எல்லாம் கூப்பிட்டு, ஆடாத மேசை ஒண்ணு வேணும்னாரு. அப்ப அந்தப் பொண்ணு கீழ உக்காந்தபடியே சொல்லுச்சாம்:

"என் காலு மாதிரியே வளைஞ்ச காலு வச்சுச் செய்யுங்க. அந்த மேசை ஆடாம நின்னா, நானும் நிக்கிறேன்."

அதைக் கேட்டதும் மத்த தச்சனுங்க எல்லாம் பின்வாங்கிட்டாங்க. அரண்மனைத் தச்சன் மாடக்கண்ணு மட்டும் மீசையைத் தடவிக்கிட்டு, இதெல்லாம் ஒரு வேலையான்னான். பின்வரிசையில நம்ம சடையாண்டி நிக்கிறதைப் பாத்ததும் அவனுக்கு இன்னும் குசி. "கோணக்கட்டையும் வந்திருக்கான் மகாராசா. ரெண்டு பேருமே செய்யிறோம். எவன் மேசை ஆடுதோ, அவன் உளியைக் கீழ வச்சுட்டுப் போயிடணும். அப்புறம் ஆயுசுக்கும் மரத்தைத் தொடக் கூடாது"ன்னான்.

மரவேலையை விட்டா சடையாண்டிக்கு வேற என்ன தெரியும்? ஆனா அந்தப் பொண்ணு அவனையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. சரின்னு தலையாட்டிட்டான். இளவரசி நெஞ்சு உயரத்துக்கு ஒரு அளவுக் கயிறு வெட்டி, ரெண்டு பேருக்கும் ஒண்ணு குடுத்து, பதினஞ்சு நாளு தவணையும் குடுத்தாங்க.

சடையாண்டி வீட்டுக்கு வந்து முன்னாடி குவியல்ல தேடினான், பின்னாடி குவியல்ல தேடினான், கூரை மேல ஏறித் தேடினான். ஒரே மாதிரி முட்டி மடங்கின பூவரசங்கிளை நாலு கெடைச்சுச்சு. வளைஞ்சு வளந்த கட்டையில மரத்தோட நாரும் கூடவே வளைஞ்சு ஓடும், மேல ஆனையே ஏறினாலும் ஒடியாது. அதை வாய்ச்சியால செதுக்கி, உளியால திருத்தி, இழைப்புளி போட்டு வழவழன்னு ஆக்கினான். மேல வைக்கிறதுக்கு வட்டமா ஒரு பலாப்பலகை. எந்தக் காலு எந்தத் துளைக்குன்னு மாறிடக் கூடாதே, அதுக்காக ஒவ்வொரு காலோட அடியிலயும் உளியால அடையாளம் வெட்டினான். ஒரு காலுக்கு ஒரு வெட்டு, அடுத்ததுக்கு ரெண்டு, அதுக்கடுத்ததுக்கு மூணு, கடைசிக் காலுக்கு நாலு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

மாடக்கண்ணு என்ன பண்ணினான்? நேரான தேக்குல கரியால வளைவு வரைஞ்சு, வரைஞ்ச மாதிரியே அறுத்துட்டான். பாக்க அம்சமா இருந்துச்சு. ஆனா நாரு குறுக்க அறுபட்டுப் போச்சில்ல, நாலாவது காலை அடிச்சு இறக்குறப்ப முட்டியில சடக்குனு ஒடிஞ்சுடுச்சு. தவணைக்கு ஒரு நாளுதான் பாக்கி. அன்னிக்குச் சந்தை. சடையாண்டியும் உலகம்மாவும் வீட்டுல இல்லாத நேரம் பாத்து உள்ள போய், ஒரு காலை உருவி வேட்டிக்குள்ள சுத்திக்கிட்டு வந்துட்டான். அளவு கச்சிதமாப் பொருந்துச்சு. தேக்கும் பூவரசும் தெரியாம இருக்க மேசை முழுக்கச் செவப்புச் சாயம் பூசினான். காலுக்கு அடியில யாரு பாக்கப் போறான்னு அதை மட்டும் விட்டுட்டான்.

சந்தையில இருந்து வந்து பாத்தா, சடையாண்டிகிட்ட மூணு காலுதான் இருக்கு. மறுபடியும் முன்னாடி தேடினான், பின்னாடி தேடினான், கூரை மேல தேடினான். அந்த வளைவுல இன்னொரு கட்டை இல்ல. அடுப்படியில வந்து உக்காந்து, நாளைக்கு நானே போய் உளியை ராசா முன்னாடி வச்சுடறேன்னு சொல்லி அழுதுட்டான்.

உலகம்மா சோத்துப் பானையைத் துழாவிக்கிட்டே கேட்டா. "இந்த அடுப்புக்கு எத்தனை கல்லு?"

"மூணு. அதுக்கு என்ன இப்போ?"

"மழைக்கு ஊறின தரை இது, பெருச்சாளி தோண்டின தரை. இவ்வளவு பெரிய பானை, நான் என்ன கிண்டு கிண்டுறேன். ஒரு நாளாவது ஆடியிருக்கா?"

அவன் அடுப்பையே பாத்தான். பானையைப் பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்தான். அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்தவன்தான். பழைய துளை நாலையும் அடைச்சு, கயிறு வச்சு அளந்து, சரிசமமா மூணு துளை போட்டு, பொழுது சாயுறதுக்குள்ள மூணு காலையும் இறக்கிட்டான்.

மறுநாள் சபையில ஒரே சிரிப்பு. "நாலாவது காலு எங்கடா கோணக்கட்டை, வர்ற வழியில பசிச்சுச்சா?"ன்னு மாடக்கண்ணு கேட்டான். சடையாண்டி தன் மேசையை ஓரமா இறக்கி வச்சான்.

முதல்ல செவப்பு மேசையைச் சன்னல்கிட்டப் போட்டாங்க. ஆடுச்சு. மாடக்கண்ணு ஓடிப்போய் ஒரு காலுக்கு ஆப்பு செருகினான். என் பொண்ணு சன்னல்கிட்ட மட்டுமா நிப்பான்னு ராசா அதை ஊஞ்சல்கிட்டத் தள்ளச் சொன்னாரு. அங்கயும் ஆடுச்சு. இன்னொரு ஆப்பு. அப்புறம் வாசப்படிகிட்ட. அங்க லொடக்குனு ஒரு காலு அந்தரத்துல தூக்கிக்கிச்சு. எல்லாரும் மேசையைப் பாத்தாங்க. தரையில உக்காந்திருந்த பொண்ணு மட்டும் தூக்கின காலுக்கு அடியில பாத்துச்சு. மூணு வெட்டு.

அடுத்தது சடையாண்டி மேசை. சன்னல்கிட்டப் போட்டாங்க, ஆடல. ஊஞ்சல்கிட்டப் போட்டாங்க, ஆடல. வாசப்படிகிட்டப் போட்டு ரெண்டு சேவகனுங்க கூடி அழுத்தினாங்க, அசையல.

"தச்சரே, அதைக் கவுத்துக் காட்டுங்க"ன்னுச்சு பொண்ணு. கவுத்தான். அது தவழ்ந்து வந்து விரல் வச்சுத் தடவிப் பாத்துச்சு. "இதுல ஒரு வெட்டு, இதுல ரெண்டு, இதுல நாலு. மூணு எங்க?"

"அது காணாமப் போச்சும்மா."

"காணாமப் போகல. அந்தச் செவப்பு மேசைக்கு அடியில இருக்கு."

செவப்புக் காலைச் சுரண்டிப் பாத்தா, உள்ள பூவரசு. மாடக்கண்ணு மீசை தொங்கிப் போச்சு. சடையாண்டி சும்மா இருக்காம, கை கட்டிக்கிட்டுச் சொன்னான்: "நாலு காலு இருந்திருந்தா என் மேசையும் ஆடித்தான் இருக்கும் மகாராசா. இவரு திருடினதாலயும், என் பொண்டாட்டி அடுப்பைக் காட்டினதாலயும்தான் இது நிக்குது." பொண்ணு தரையில உக்காந்ததுல இருந்து சிரிக்காத ராசா அன்னிக்குத்தான் சிரிச்சாராம்.

மாடக்கண்ணு சொன்ன பந்தயப்படியே அவன் உளியைக் கீழ வைக்கச் சொன்னாங்க. பதிலுக்குக் கையில கல்லுளியைக் குடுத்தாங்க. எலுமிச்சம்பழத்தை வச்சா உருளாம நிக்கிற வரைக்கும், முட்டி போட்டு அந்தத் தரையை அவனே கொத்திச் சமமாக்கணும். அவன் கொத்தி முடிக்க ரெண்டு வருசம் ஆச்சாம்.

அதெல்லாம் அப்புறம். அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, அந்தப் பொண்ணு மேசைக்காலோட வளைவைத் தடவிச்சு, தன் காலைத் தடவிச்சு, விளிம்பைப் பிடிச்சுது. ஒரு காலு ஊனுச்சு, ரெண்டாவது காலும் ஊனுச்சு. மேசை ஆடல. பொண்ணு எந்திரிச்சு நின்னுடுச்சு.

அந்த மூணு வெட்டுக் காலை என்ன பண்ணினாங்கன்னு கேப்பீங்களே? சடையாண்டி அதை இழைச்சு இளவரசிக்குக் கைத்தடி பண்ணிக் குடுத்தான். தரை சமமானதும், அந்தத் தடியை ஊனிக்கிட்டு அது சடையாண்டி வீட்டுக்கே நடந்து வந்து, உலகம்மா கையால சுடுசோறு சாப்பிட்டுட்டுப் போச்சாம். கட்டைக் குவியல் மூணும் அப்படியேதான் கெடந்துச்சு. உலகம்மா அப்புறம் ஒண்ணும் சொல்றதில்ல, சுத்திக்கிட்டு நடந்துக்குவா.

மேசை நின்னுச்சு, பொண்ணு நின்னுச்சு, இந்தா, கதையும் இதோட நின்னுச்சு.