சஹனில் எதிர்ப்பக்கத்து நெஞ்செலும்பு

ஏழு வருஷம் அரபுக் கல்லூரியில் ஓதி, அன்று காலைதான் ஸனதுப் பட்டம் வாங்கியிருந்தான் ஸக்கரியா. தலைப்பாகை புதுசு, ஜிப்பா புதுசு. முகம் மட்டும் மூன்று நாள் பட்டினி கிடந்தவன் முகம்.

காரணம், ஊர் ஜமாஅத்தின் கடிதம். மக்தபுக்கு ஓதிக்கொடுக்க ஒரு உஸ்தாத் வேண்டுமாம். பொடிசுகள் காலையில் வந்து அலிஃப், பே என்று அரபி எழுத்து ஓதிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுமே, அந்த மக்தபுக்கு! அவன் வராவிட்டால் இழுத்துப் பூட்டிவிடுவார்களாம்.

"ஹஜ்ரத், இத்தனை கிதாபு ஓதிட்டு மூக்கொழுகுற பிள்ளைங்ககூட மல்லுக்கட்டவா? நான் இங்கயே பாடம் நடத்துறேனே. நீங்களே சொல்லுங்க, மக்தப் ஒசத்தியா, நம்ம கல்லூரி ஒசத்தியா?"

அவனுக்குப் பாடம் நடத்திய ஷம்சுல்ஹுதா ஹஜ்ரத் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"பசிக்குது. முதல்ல சோறு."

விருந்தில் நாலு பேருக்கு ஒரு சஹன். அந்தப் பெரிய தட்டைச் சுற்றி ஹஜ்ரத், ஸக்கரியா, டவுன் காலேஜ் பேராசிரியர் கனி, பிள்ளைகளைக் குர்ஆன் மனனம் செய்யவைக்கும் காதர் ஹாபிஸ்.

பிஸ்மில்லா சொல்லிக் கை வைத்தார்கள். கனி சார் முன்னால் நெஞ்செலும்பு ஒன்று நெய் மினுங்கக் கிடந்தது. கடிதத்தையே நினைத்துக்கொண்டிருந்த ஸக்கரியாவின் கை தன்பாட்டுக்கு அங்கே போயிற்று.

"மௌலவி! என் எல்லைக்குள்ள படையெடுப்பா?" என்றார் கனி சார்.

காதர் ஹாபிஸுக்குச் சிரிப்பில் புரையேறியது. ஸக்கரியா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். ஸனது வாங்கிய அன்றைக்கா இப்படி ஒரு வெட்கக்கேடு!

ஹஜ்ரத் நிதானமாகக் கேட்டார். "அவங்கவங்க முன்னால இருக்கறதைச் சாப்பிடணும்னு உங்களுக்கு யார் சொன்னது சார்?"

"மக்தப்லதான். அஞ்சு வயசுல. கையில ஒரு அடியும் விழுந்துச்சு."

"ஹாபிஸ்?"

"எனக்கும் அங்கதான். எனக்கு ரெண்டு அடி."

"எனக்கும் அங்கதான்" என்றார் ஹஜ்ரத்.

"எனக்கும்தான் ஹஜ்ரத்" என்று முணுமுணுத்தான் ஸக்கரியா. "இங்கயும் நபி சொன்ன அந்த ஹதீஸை ஓதினேனே."

கனி சார் அந்த எலும்பை அவன் பக்கம் தள்ளிவைத்தார்.

"பாடத்துல அந்த ஹதீஸ் வந்த அன்னிக்கு நான் வேகமாப் பக்கத்தைப் புரட்டிட்டேன் தம்பி" என்றார் ஹஜ்ரத். "இதெல்லாம் பழகிட்டுத்தான் பிள்ளைங்க வருதுங்கற தைரியம். மக்தபைப் பூட்டிட்டா, நான் எந்தத் தைரியத்துல கிதாபைத் திறக்கறது?"