கருப்பட்டி ரகசியமும் மூன்று குமாஸ்தாக்களும்

வக்கீல் உலகநாயகியின் ஆபீஸில் மூன்று குமாஸ்தாக்கள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து எழுபது வருஷ அனுபவம், மூன்று பேருக்கும் சேர்த்துக் கால் பங்கு மூளை. அந்தக் காலிலும் பெரிய பங்கு தன்னிடம்தான் என்று தலைமைக் குமாஸ்தா திரவியம் மனதார நம்பினார். ஆவுடையப்பனும் பூதத்தானும் அதை மறுத்ததில்லை. மறுக்கவும் கொஞ்சம் மூளை வேண்டுமே!

அந்த ஆபீஸுக்குத்தான் புளியங்குடி செண்பகவல்லி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். எலுமிச்சை ஊறுகாய் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறவள். சரக்கு தாமதமாக வந்தது என்று மொத்த வியாபாரி ஒருவர் அவள்மேல் வழக்குப் போட்டிருந்தார். அவள் கம்ப்யூட்டரில் இருக்கும் மெயில் எல்லாவற்றையும் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு.

“கொடுக்கதுல ஒண்ணுமில்லம்மா. ஆனா அதுக்குள்ள என் ஊறுகாய்ப் பக்குவமும் கெடக்கு. அந்த ஆளே இப்ப சொந்தமா ஊறுகாய் போட ஆரம்பிச்சிட்டாரு. அது மட்டும் அவரு கைக்குப் போச்சுன்னா நான் கடையை மூடிட்டு உக்கார வேண்டியதுதான்” என்றாள்.

“பக்குவத்தை மறைச்சுக் கொடுக்க அனுமதி இருக்கு, கவலைப்படாதீங்க” என்று அவளை அனுப்பிவிட்டு, உலகநாயகி அவள் கொண்டுவந்திருந்த கம்ப்யூட்டரைத் திரவியத்திடம் ஒப்படைத்தார். “இதுல எதையும் அழிக்கக் கூடாது அண்ணாச்சி. வந்தது வந்தபடியே இருக்கணும்.”

வந்தது வந்தபடியேதான் இருந்தது. அதன்மேல் படிந்திருந்த மிளகாய்ப் பொடியைக்கூட யாரும் துடைக்கவில்லை. காற்றில் பொடி பறந்துவிடும் என்று சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தினார்கள். கீபோர்டில் ஓர் எறும்பு ஊர்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. அது கம்ப்யூட்டரோடு வந்த எறும்பா, ஆபீஸ் எறும்பா?

“ஆபீஸ் எறும்புன்னா விரட்டலாம். கூட வந்த எறும்புன்னா அது சாட்சிவே” என்றார் திரவியம்.

ஒரு முழு மத்தியானம் விவாதித்தும் எறும்பின் சொந்த ஊர் தெரியவில்லை. தம்ளரைக் கவிழ்த்து மூடி, மேலே தேதி எழுதி ஒட்டிவைத்தார்கள்.

பிறகு உலகநாயகி மெயில்களை அச்செடுத்துக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். “பக்குவம் வர்ற வரியையெல்லாம் கறுப்பு மையால மறைங்க. அதை யாரும் படிக்கக் கூடாது, நீங்களும்தான்.”

மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

“படிக்காம எப்படிக் கண்டுபிடிக்க?” என்றார் பூதத்தான்.

“கண்டுபிடிச்சபொறவு எப்படிப் படிக்காம இருக்க?” என்றார் ஆவுடையப்பன்.

திரவியம் ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சினார். “ஆவுடையப்பா, நீரு காதுல பஞ்சை வச்சுக்கிட்டுச் சத்தமா வாசியும். வாசிக்கது உமக்கே கேக்காது. பூதத்தான் கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேக்கட்டும், பக்குவம் வந்தா கையைத் தூக்கட்டும். அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஆளுக்குப் பாதிதான். பாதி ரகசியத்தை எவன்வே வெளிய சொல்ல முடியும்?”

“அப்ப மை பூசுத உமக்கு?”

“எனக்கு முழுசாத் தெரியும். மறந்துருதேன்.”

கற்பூரம் அணைத்துச் சத்தியமே செய்தார் மனுஷன். அதோடு விட்டாரா? எதை மறக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், தினமும் பல் துலக்கும்போது ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “நூறு எலுமிச்சைக்கு மூணு கரண்டி வறுத்த வெந்தயம், உள்ளங்கை அளவு கருப்பட்டி, நாப்பது நாள் வெயில். இதைத்தான் மறக்கணும்.”

கறுப்படித்த காகிதங்கள் போய்ச் சேர்ந்தன. இத்தனை கறுப்பு எதற்கு என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. மறைத்ததற்கெல்லாம் பட்டியல் கொடுங்கள் என்றார் நீதிபதி.

“எந்தப் பக்கத்துல எதை மறைச்சோம், ஏன் மறைச்சோம்னு எழுதி, கவர்ல போட்டு அரக்கு வச்சு அனுப்பிருங்க அண்ணாச்சி. ஒண்ணுகூட விடாதீங்க” என்று சொல்லிவிட்டு உலகநாயகி வேறொரு வழக்குக்கு ஓடினார்.

திரவியம் ஒன்றுகூட விடவில்லை. மறுநாள் பட்டியலின் நகலைப் பார்த்த உலகநாயகிக்குத் தலை சுற்றியது. ‘நாலாம் பக்கம், இரண்டாம் வரி. மறைத்தது: நூறு எலுமிச்சைக்கு மூன்று கரண்டி வறுத்த வெந்தயம், உள்ளங்கை அளவு கருப்பட்டி, நாற்பது நாள் வெயில். காரணம்: இது தெரிந்தால் கட்சிக்காரர் கடையை மூட வேண்டியதுதான்.’

“ஓடுங்க அண்ணாச்சி! அவங்க கவரைப் பிரிக்கிறதுக்குள்ள திரும்ப வாங்கிட்டு வாங்க!”

திரவியம் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். கண்ணில் நீர் முட்டியது. தன்னால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடுமே என்று வழியெல்லாம் புலம்பினார். இரண்டு தெரு தள்ளித்தான் எதிர்த்தரப்பு வக்கீலின் ஆபீஸ், ஆனால் அன்றைக்கு அது இரண்டு மைல் போலிருந்தது.

அரை மணி நேரத்தில் திரும்பினார். கையில் கவர். அரக்கு முத்திரை துளிகூட உடையவில்லை. தகவல் தெரிந்து ஓடிவந்திருந்த செண்பகவல்லி அதைத் தடவித் தடவிப் பார்த்து, “எங்க குலசாமி அண்ணாச்சி நீங்க!” என்று விம்மினாள். ஆவுடையப்பன் கைதட்டினார். பூதத்தான் தம்ளரைத் தூக்கி எறும்புக்கும் விஷயத்தைச் சொன்னார்.

உலகநாயகிக்கு மட்டும் நம்ப முடியவில்லை. “கேட்ட உடனே கொடுத்துட்டாங்களா?”

“லேசுல கொடுப்பாங்களாம்மா? ‘மேசை மேல இருவது கவர் கெடக்கு, இது உம்ம கவருதான்னு எப்படி நம்ப? உள்ள என்ன இருக்குன்னு சொல்லும்’னாரு அந்தக் குமாஸ்தா. நியாயந்தானே? பர்ஸைத் தொலைச்சவன்கிட்டயும் அப்படித்தானே கேப்பாங்க? தெனமும் சொல்லிப் பாத்தது நல்லதாப் போச்சு, மடமடன்னு ஒப்பிச்சிட்டேன். அவரும் ஒரு தாள்ல குறிச்சுக்கிட்டு, கவரைப் பிரிக்காமலே கொடுத்துட்டாரு.”

செண்பகவல்லி மெதுவாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். “பூராத்தையும்… சொல்லிட்டீங்களா?”

“பின்ன? அதுலயும் பாருங்க, அந்த ஆளு அவசரத்துல கருப்பட்டியை வெல்லம்னு எழுதிட்டாரு. விடுவேனா நானு? அடிச்சுத் திருத்தி, பக்கத்துல, சட்டைப் பையில கெடந்த நம்ம ஆபீஸ் சீலையும் குத்திக் கொடுத்துட்டுத்தான் வந்தேன்.”