வானத்தில் ஒரு கையெழுத்து

தூத்துக்குடியில் ஜெபக்கனி என்ற புகைப்படக் கலைஞரிடம் இசக்கியப்பன் என்றொரு மாணவர் இருந்தார். ஆசிரியைக்கு வயது முப்பத்தாறு. மாணவருக்கு அறுபத்தொன்று, சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

இசக்கியப்பன் எடுத்த படம் ஒன்று முதன்முறையாகக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்தது. உப்பளத்து வரப்பில் ஒன்பது பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற படம். எடுத்தவரின் கையெழுத்து படத்தாளில் இருக்க வேண்டும் என்பது விதி. மறுநாள் காலையில் திறப்பு விழா.

இசக்கியப்பன் படத்தைக் கொண்டுவந்து ஜெபக்கனியின் ஸ்டுடியோ மேசையில் வைத்தார். மேற்பாதி முழுவதும் வெறும் வானம். அந்த வானத்தின் குறுக்கே, கறுப்பு மையில், வாலும் சுழியுமாக அவருடைய கையெழுத்து கிடந்தது.

ஜெபக்கனி அந்தச் சுழியை விரலால் சுட்டிக் காட்டினார்.

"ஏன் சார் அங்க போட்டீங்க?"

"அங்கதான் டீச்சர் காலியா இருந்துது. பத்திரத்துல காலியிடம் விட்டா எவனாவது எதையாவது எழுதிச் சேர்த்துருவான்."

"வானத்துல என்ன சார் சேர்ப்பாங்க?"

இசக்கியப்பன் தலையைச் சொறிந்தார்.

"அப்ப எங்க போடணும்? சொல்லிக் குடுங்க."

அதற்குள் வாசலில் முத்துப்பேச்சி வந்து நின்றார். படத்திலுள்ள ஒன்பது பேரில் ஒருவர். அளத்து வேலை முடிந்து, படத்தைப் பார்க்க வந்திருந்தார். ஜெபக்கனி அதை அவர் கையில் கொடுத்தார்.

"இது என்ன அண்ணாச்சி, வானத்துல பூரான் ஊருது?"

"அது என் கையெழுத்தும்மா."

"ஆத்தாடி! எங்க தலையில விழுந்துராமப் பாத்துக்கிடுங்க."

ஜெபக்கனியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இசக்கியப்பன் சிரிக்கவில்லை.

"முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவங்க பத்திரத்துல கையெழுத்துப் போட்டேன் டீச்சர். அதுல ஒண்ணும் என்னோடது இல்ல. இது ஒண்ணுதான் நானா செஞ்சது. பேரு தெரியாமப் போயிரக் கூடாது."

ஜெபக்கனி சிரிப்பை நிறுத்தினார். கண்காட்சிப் படத்துக்கான தாள் ஒன்றே ஒன்று மீதமிருந்தது. அதில் படத்தை மறுபடி அச்சிட்டார்; நான்கு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை விளிம்பு விட்டார். மை உலர்ந்ததும் ஒரு பென்சிலை நீட்டி, படத்துக்குக் கீழே, விளிம்பின் வலது ஓரத்தைக் காட்டினார்.

"சின்னதா. மெதுவா. அடியில கார்பன் தாள் இல்ல சார்."

இசக்கியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் வாடியது.

"எனக்கே தெரியலையே டீச்சர். இதை யாரு பாப்பாங்க?"

ஜெபக்கனி புதிய படத்தை முத்துப்பேச்சியிடம் கொடுத்தார்.

"ஏ, இது மாரியம்மா! வாயைப் பாரு, லாரியே போவும். இது எங்க மதினி. பல்லு இல்லாததைக் கையை வச்சு மறைக்கா பாருங்க, களவாணி. நான் எங்க? இந்தா இருக்கேன்!"

அவருடைய விரல் தாளில் படாமல் முகம் முகமாக நகர்ந்தது. அன்று எதற்குச் சிரித்தோம் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்; மறுபடியும் சிரித்தார். என்னவென்று ஜெபக்கனி கேட்டதற்கு, "அது ஆம்பளைங்க முன்னால சொல்ற விசயம் இல்ல" என்றார். ஒன்பதாவது முகத்தையும் பார்த்த பிறகு, விரல் தானாகக் கீழே இறங்கியது.

"இது என்ன, பென்சில்ல? இ... சக்கி... யப்பன்." நிமிர்ந்தார். "உங்க பேரு இதுதானா அண்ணாச்சி? இத்தனை நாளா தெரியாதே! எங்க குலசாமி பேருல்லா!"

இசக்கியப்பனின் முகம் மலர்ந்தது. அவர் பெயரை இவ்வளவு மகிழ்ச்சியாக யாரும் வாசித்ததில்லை. ஆனால் முப்பத்திரண்டு ஆண்டுப் பழக்கம் அவரைச் சும்மா விடவில்லை. இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது.

"நாளைக்கு வர்றவங்க கண்ணு இவ்வளவு கீழ வரணுமே டீச்சர். முகத்தையே பாத்துக்கிட்டு நின்னுட்டாங்கன்னா?"

"அப்படி ஒருத்தர் நின்னாலும் உடனே எனக்குப் போன் பண்ணுங்க சார்" என்றார் ஜெபக்கனி. "ஸ்டுடியோவைப் பூட்டிட்டு ஓடி வர்றேன். படத்தை அப்படிப் பாக்குறவங்களை நான் பாக்கணும்."