சந்தனப் பொட்டு வைத்த ஹைபிரிட் கார்

கூழாங்கல் காட்டில் குமரேசன் என்றொரு கீரி இருந்தான். அவனிடம் புத்தம் புது ஹைபிரிட் கார் ஒன்று இருந்தது. பெட்ரோலிலும் ஓடும், கரண்டிலும் ஓடும்.

காட்டில் அப்போது பெட்ரோல் குறைந்துகொண்டே வந்தது. சடையாண்டிக் கரடியின் பெட்ரோல் பங்குக்கு வாராவாரம் வந்த லாரி, எப்போதாவது வரும் லாரி ஆகிவிட்டது. அடுத்து என்ன வண்டி வாங்கலாம் என்று மிருகங்கள் மரத்தடி மரத்தடியாகக் கூடிப் பேசின. முள்ளம்பன்றி மங்கையர்க்கரசி மட்டும் பேசவில்லை. முழுக்கக் கரண்டில் ஓடும் குட்டிக் கார் ஒன்றை வாங்கி, அதிலேயே கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போய்வந்தாள்.

அவளைக் கண்டால் குமரேசனுக்குச் சிரிப்பு தாங்காது.

"என்ன மங்கையக்கா, நடுவழியில சார்ஜ் தீர்ந்தா உங்க முள்ளைப் பிடுங்கிச் சொருகுவீங்களா?"

"தீர்ற வரைக்கும் நான் ஓட்டினாத்தானே தம்பி. அது கிடக்கட்டும், நீ எப்ப சார்ஜ் போட்டே?"

"எனக்கெதுக்கு? என்கிட்டதான் ரெண்டு இருக்கே!"

உள்ளதைச் சொன்னால், அவன் ஒரு நாள்கூட சார்ஜ் போட்டதில்லை. வண்டிக்குப் பூஜை போட்ட அன்று, கொக்குக் குருக்கள் முன்னும் பின்னும் சந்தனம் வைத்தார். பிறகு பக்கவாட்டில் இருந்த சின்ன வட்ட மூடியைப் பார்த்தார். "ஆகா, நெத்தி மாதிரியே இருக்கு" என்று அதிலும் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டார். அதுதான் சார்ஜ் போடும் மூடி. திறந்தால் பொட்டு அழியும். பொட்டு அழிந்தால் நல்லதா? குமரேசன் திறக்கவே இல்லை. சார்ஜ் ஒயர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் டிக்கியில் தூங்கியது.

அந்தக் காரைக் காட்டித்தான் அவனுக்குக் கல்யாணமே நிச்சயமாகியிருந்தது. பெண் மலை உச்சியில் இருந்தாள். பெயர் செவ்வந்தி. குமரேசனுக்கு அவள்மேல் உயிர். அவள் அப்பாவோ கறாரான கீரி.

"மாப்பிள்ளை அந்த ரெண்டு என்ஜின் வண்டியில முகூர்த்தத்துக்கு முன்னால வந்து இறங்கணும். தப்பினா என் தங்கச்சி மகன் இருக்கான். பட்டு வேட்டியோட முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பான், பார்த்துக்கோ."

கல்யாணத்தன்று காலை குமரேசன் மாலையும் கழுத்துமாகப் பங்கில் போய் நின்றான். சடையாண்டி காலிக் குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், யாரோ வரப்போவது போல.

"லாரி இனிமே வராதாம் தம்பி."

"போகட்டும் விடுங்கண்ணே. என்கிட்ட ரெண்டு இருக்கு."

கொஞ்ச தூரத்தில் என்ஜின் இருமியது, செருமியது, அடங்கியது. கார் தானாகக் கரண்டுக்கு மாறிச் சத்தமில்லாமல் வழுக்கியது. "அடடா, அடடா" என்று குமரேசன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். ஆனால் அது பெட்ரோலில் ஓடும்போது பேட்டரியில் ஊறிய கொஞ்சநஞ்சம். மலையடிவாரத்து அருவியோடு அதுவும் தீர்ந்தது.

நல்லவேளையாக அங்கேதான் நீர்நாய் ஓடையப்பன், அருவியில் சக்கரம் சுழற்றி எல்லாருக்கும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான்.

"மூடியைத் திற மாப்பிள்ளை."

குமரேசன் கண்ணை மூடினான். பொட்டிடம் மன்னிப்புக் கேட்டான். திறந்தான்.

"யாரது, தட்டாம கொள்ளாம கதவைத் திறக்கிறது?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். மூடியின் அடி இடுக்கு வழியாகப் புகுந்து, ஒரு குளவி மண்கூடு கட்டிக் குடியிருந்தது.

"அம்மா, இது சார்ஜ் போடுற இடம்" என்றான் குமரேசன்.

"அப்படியா? மழைக்காலம் முழுக்க இங்கதான் இருக்கேன், ஒருத்தரும் போட வரலையே. சத்தம் போடாதே, பிள்ளைங்க தூங்குது."

குமரேசன் கூட்டை உடைக்கக் கை ஓங்கினான். ஓடையப்பன் காதைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "தாலி கட்டப் போற அன்னைக்குக் குளவிக்கூட்டை இடிச்சவன் வீட்டுல தொட்டில் ஆடி நான் பார்த்ததில்ல."

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. மலை உச்சியில் மேளம் கேட்டது. குமரேசன் மாலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். செவ்வந்தி, பட்டு வேட்டி, முன்வரிசை என்று மனசு கிடந்து உருண்டது.

"எழுந்திரு தம்பி" என்றது பழக்கமான குரல். மர நிழலில் மங்கையர்க்கரசி தன் காரின் சார்ஜ் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "உன் காரை இழுக்க என் வண்டியில தெம்பில்ல. உன்னை இழுக்கும். பாயச அண்டாவை மடியில வச்சுக்கோ."

ஒவ்வொரு வளைவிலும் பாயசம் வேட்டியில் ததும்பியது. ஒவ்வொரு பிரேக்குக்கும் அவள் முள் அவன் காதில் குத்தியது. "பார்த்துக்கா, பார்த்து" என்று அவன் கத்த, "என்னைச் சொல்லாதே, பாயசத்தைக் கெட்டியாப் பிடி" என்று அவள் அதட்ட, வண்டி உச்சியை எட்டியபோது முறைப்பையன் எழுந்து வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"எங்கே ரெண்டு என்ஜின் வண்டி?" என்றார் மாமனார்.

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. முந்திரிப்பருப்பு ஒட்டிய மீசையோடு குமரேசன் அதை விழுங்கினான்.

"ஒண்ணு தீர்ந்துபோச்சு மாமா. இன்னொண்ணை நான் திறந்தே பார்க்கல. இன்னைக்குத் திறந்தா, உள்ளே ஒரு குடும்பம் இருக்கு. இடிக்க மனசு வரல."

பந்தலே குலுங்கிச் சிரித்தது. செவ்வந்தி சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டி மூக்குக்கு வந்தது.

"எனக்கு இவரே போதும்ப்பா. வண்டி இல்லாட்டியும் வாய்ல உண்மை வருது. ஆனா ஒரு கண்டிஷன். தினம் ஒயரைச் சொருகிட்டு வந்தாத்தான் இலை போடுவேன்."

மாமனார் உறுமினார், பிறகு தலையாட்டினார். முறைப்பையன் பெருமூச்சு விட்டுப் பந்திக்கு முதல் ஆளாகப் போனான்.

குளவிக் குஞ்சுகள் பறந்துபோன பிறகு, குமரேசன் தினமும் அந்த மூடியைத் திறந்தான். சந்தனப் பொட்டு பெட்ரோல் மூடிக்கு மாறியது.

இரண்டு வழி இருக்கிறது என்று பெருமை பேசுகிறவன் பிழைப்பதில்லை. தன்னிடம் இருக்கும் வழியைத் திறந்து பயன்படுத்துகிறவனே போய்ச் சேருகிறான்.