அவில்தாருக்குப் பிடித்தது

படையலில் ரம் பாட்டில் வைத்தது தப்பாகப் போயிற்று.

வைத்தவர் தணிகாசலம். ஆரணிச் சாலையில் பேட்டரிக் கடை நடத்துகிறவர். கடை அவர் அப்பா பொன்னுரங்கம் போட்டது. பொன்னுரங்கம் பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். கடைக்குப் பேர்ப்பலகை கிடையாது. ஊரே அவில்தார் கடை என்று பேர் வைத்துக்கொண்டது. லாரிக்காரன் புது பேட்டரி கேட்டு வந்தால், பழையதைச் சார்ஜில் போட்டுப் பார்ப்பார். இன்னும் ஓடும், போய் வா என்று அனுப்பிவிடுவார். இப்படி வியாபாரம் பண்ணினால் விளங்கின மாதிரிதான் என்று சிரித்தார்கள். விளங்கியது. அவர் செத்த அன்று சாலையோரம் நின்ற லாரிகள் பெட்ரோல் பங்க் வரைக்கும் இருந்தன.

வருஷம் திரும்பியது. திதிக்கு இலை போட்டார்கள். செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும். அப்பா மாதாமாதம் வேலூர் போய், பட்டாளத்து கேன்டீனில் கோட்டா பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவதைத் தணிகாசலம் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறார். அலைந்து திரிந்து அதே ரம்மைப் பிடித்து வந்து, படத்துக்கு முன்னால் வைத்தார்.

அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த சுபேதார் சவரிமுத்து வந்தார். படத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார். இலையைப் பார்த்தார்.

"இது யாருக்குடா?"

"அப்பாவுக்குத்தான் மாமா."

"உங்கப்பன் மோந்துகூடப் பார்த்ததில்லையே. வாங்கியாந்து என் கையிலேதான் கொடுப்பான். குடிச்சதெல்லாம் நான்."

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பாட்டிலைச் சுபேதார் முன்னால் நகர்த்தி வைத்துக் கற்பூரத்தைக் காட்டுங்கள் என்றான் ஒரு பங்காளி. இன்னும் சிரிப்பு. அவனே பிறகு கேட்டான். "சரி, பெரியப்பாவுக்கு இன்னாதான் பிடிக்கும்?"

சிரிப்பு நின்றது. எல்லாரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள்.

அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து கடையில் உட்கார முடியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் இவர் என்று தலை நரைக்கும்வரை உட்கார்ந்த கடை. பேசினதெல்லாம் பேட்டரி, ஆசிட், எந்த லாரி எப்போது வரும், அவ்வளவுதான். சார்ஜர் மட்டும் ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். அப்பாவை நினைத்துப் பார்த்தார். ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த காக்கிச் சட்டை தெரிந்தது. சட்டைக்குள் ஆள் இல்லை.

புரட்டாசி அமாவாசை வந்துகொண்டிருந்தது. மறுபடி இலை போட வேண்டும். மறுபடி எல்லாரும் வருவார்கள். அவர்கள் சிரிப்பது கிடக்கட்டும். இந்தத் தடவையும் தெரியாவிட்டால், தனக்கு அப்பா என்று ஒருவர் இருந்ததற்கே அர்த்தமில்லை என்று அவருக்குப் பட்டது.

ஊருக்கு வெளியே மொட்டைப்பாறையில் ஒரு சாமி இருந்தார். தகரக் கூரை போட்ட மடம். தணிகாசலம் ஞாயிறுதோறும் போய்ப் பெருக்கித் தண்ணீர் தூக்கி வைப்பார். சீடன் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்வார். சாமி ஒத்துக்கொண்டதில்லை. சாமிக்கு இவரைவிட வயது குறைவு. கோபம் கூடுதல்.

தணிகாசலம் நடந்ததைச் சொன்னார். "அப்பாவை எப்படி நினைக்கிறதுன்னே தெரியலை சாமி. அவருக்குப் பிடிச்ச ஒண்ணுகூட எனக்குத் தெரியலை."

"தெரிஞ்சவங்களைக் கேளுங்க" என்றார் சாமி. எழுந்து ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டார்.

தணிகாசலம் கேட்கப் போனார்.

சுபேதார் சவரிமுத்து யோசித்துப் பார்த்தார். பட்டாளத்தில் போட்டதைத் தின்பதுதான், பொன்னுரங்கம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை என்றார். கடையில் ஆசிட் ஊற்றும் முனிரத்தினம், டீக்கடையில் எது சூடாக இருக்கிறதோ அதை வாங்கி வருவேன், ஐயா தின்பார் என்றான். கணியம்பாடியில் இருக்கும் அத்தை நாகபூஷணத்துக்குக் கேள்வியே பிடிக்கவில்லை. "நாங்க பொறந்த வீட்டுலே சோத்தைக் கண்டா போதும். அதுலே பிடிச்சது இன்னா, பிடிக்காதது இன்னா? நீ வயிறு ரொம்பித் தின்னு வளர்ந்தவன், அதான் கேக்கறே" என்று கதவைச் சாத்தாத குறையாக அனுப்பிவிட்டாள்.

தணிகாசலம் மொட்டைப்பாறைக்குத் திரும்பினார். சவரிமுத்து சொன்னது இது, முனிரத்தினம் சொன்னது இது, நாகபூஷணம் அத்தை சொன்னது இது என்று ஒப்பித்தார். ஒருத்தருக்கும் தெரியவில்லை சாமி என்றார்.

உச்சிவேளை. சாமி இரண்டு தட்டு எடுத்து வைத்தார்.

"கூழ் இருக்கு. சோறும் இருக்கு. எது?"

"எதுன்னாலும் சரி சாமி."

சாமி தன் தட்டில் கூழை ஊற்றினார். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தார். தணிகாசலத்தின் தட்டு காலியாகவே இருந்தது. வெயிலில் பாறை ஏறி வந்த பசி. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாமி, எனக்கு?"

"எதுன்னு சொல்லலையே."

"எதுன்னாலும் சரின்னேனே."

"அப்படி ஒரு பண்டம் இந்த மடத்திலே கிடையாது."

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டுப் போகலாம் என்று பார்த்தார். போகவில்லை. கூழா, சோறா? யோசித்தால் ஒன்றும் வாயில் வரவில்லை. யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். வீட்டில் தட்டு வரும், தின்பார், கை கழுவுவார், கடைக்குப் போவார். அப்பாவும் அப்படித்தான்.

"கூழ்" என்றார் கடைசியில்.

சாமி ஊற்றினார். தணிகாசலம் குடித்தார்.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு சாமி."

"உங்களுக்கு ஊத்தினதிலே நான் உப்பே போடலை."

தணிகாசலம் கூழை விரலால் தொட்டு மறுபடி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"வீட்டிலே உப்புக் குறைஞ்சா என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அப்பா?"

"அவரும் சொல்ல மாட்டார். ஆனா எங்க வீட்டுலே உப்பு குறைஞ்சதே இல்லை சாமி."

"யார் சமைக்கிறது?"

"என் சம்சாரம்."

"அவங்களைக் கேட்டீங்களா?"

சாமி உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இரண்டே பேர். அவர் கூடத்தில் சாப்பிடுவார். அவள் பிறகு அடுக்களையில் சாப்பிடுவாள். இடையில் ஒரு சுவர். பின்கட்டுக்கு அவர் வந்து நின்றது அவளுக்கே ஆச்சரியம். என்ன வேண்டும் என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?"

அவள் கை நின்றது. பிறகு மறுபடி துலக்கினாள்.

"மாமாவுக்கா? அடிச்சோறு."

"என்னது?"

"சோத்துப்பானையிலே அடி பிடிக்குமில்லே, காந்தல். நீங்க சாப்பிட்டுக் கடைக்குப் போன பிறகு வருவார். அடி இருக்காம்மான்னு அடுக்களை வாசப்படியிலே நின்னு கேட்பார். நீங்க குக்கர் வாங்கியாந்து கொடுத்தீங்களே, நான் எடுக்கவே இல்லை. குக்கரிலே அடி பிடிக்காது."

அந்தக் குக்கருக்காக அவளைப் பட்டிக்காடு என்று திட்டியது தணிகாசலத்துக்கு ஞாபகம் வந்தது. அப்போது அப்பாவும் கூடத்தில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

"சுரண்டிக் கொடுப்பேன்" என்றாள். "உப்புத் தண்ணி தெளிச்சு மூணு உருண்டை பிடிப்பார். ஒண்ணுதான் அவர் தின்பார். ரெண்டு எனக்கு. ஏன் மாமா எனக்கு ரெண்டுன்னு கேட்டேன். பட்டாளத்திலே பனிமலையிலே இருந்தப்போ, கடைசியா வந்து அடியைத் தின்கிறவங்க நாங்க மூணு பேரும்மா, ரெண்டு பேர் எங்க பங்கை எடுத்து வைடான்னு சொல்லிட்டுப் போனாங்க, வரலை, நீ தின்னுன்னார். அதுக்கப்புறம் நான் கேட்கலை. தினம் தின்னுடுவேன்."

தணிகாசலம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார்.

"இன்னும் என்ன பேசுவார்?"

"எல்லாம் பேசுவார். உங்களைப் பத்தி, கடையைப் பத்தி. மழை வருமான்னு பேசுவார். அந்தக் கொஞ்ச நேரந்தான் இந்த வீட்டிலே பேச்சு." தேங்காய் நாரைப் பிழிந்தாள். "இப்பவும் பானையிலேதான் வடிக்கிறேன். அடி பிடிக்குது. கேட்க ஆளில்லை. ஊறவெச்சுக் கழுவி ஊத்திடறேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் அவரைப் பார்த்தாள். பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அமாவாசை அன்று அவள்தான் இலை போட்டாள். பொரியல், வடை, பாயசம் எல்லாம் ஓரத்தில். நடுவில் காந்தல் நிறத்தில் மூன்று உருண்டை. பங்காளிகள் எட்டிப் பார்த்தார்கள். தீய்ந்த சோற்றையா படைப்பார்கள் என்று முணுமுணுத்தார்கள். தணிகாசலம் கற்பூரத்தை ஏற்றினார்.

இந்தத் தரம் என்ன சரக்கு என்று கேட்டுக்கொண்டே சுபேதார் சவரிமுத்து உள்ளே வந்தார். இலையைப் பார்த்தார். மூன்று உருண்டையையும் எண்ணி நின்றுவிட்டார். இந்தத் தடவை சல்யூட் வைக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

பிறகு எழுந்து அடுக்களை வாசலுக்குப் போனார்.

"அந்த ரெண்டு பேர் யாருன்னு பொன்னுரங்கம் சொன்னானாம்மா?"

"பேர் சொல்லலைங்க."

"ஒருத்தன் குஞ்சிதபாதம். இன்னொருத்தன் தேவசகாயம்" என்றார் சுபேதார். "எங்கிட்டகூட அவங்க பேச்சை எடுக்கமாட்டான்ம்மா. அந்தப் பாட்டிலை என் கையிலே கொடுத்துட்டு, குடிச்சுட்டு எனக்கும் சேர்த்துத் தூங்குடான்னு சொல்லுவான். வேற ஒண்ணும் சொல்ல மாட்டான்."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். தணிகாசலம் கூடத்திலிருந்து சுபேதாரையும் அவளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அந்த அடுக்களை வாசலில்தான் இத்தனை வருஷமும் நின்றிருக்கிறார். சட்டைக்குள் ஆள் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைப்பாறைக்குப் போனார். பெருக்கவில்லை. தண்ணீர் தூக்கவில்லை. நேராகப் போய்ச் சாமி முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அடிச்சோறு, மூன்று உருண்டை, குக்கர், குஞ்சிதபாதம், தேவசகாயம், தொப்பியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்த சவரிமுத்து. அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிச் சாமி கேட்டதில்லை.

"அப்போ படையல் சரியாப் போச்சு" என்றார் சாமி.

"போச்சு சாமி."

"சரி பண்ணினது யாரு?"

"என் சம்சாரம்தான்."

சாமி ஆட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"சுபேதாருக்குப் பேர் சொன்னீங்க. ஆசிட் ஊத்தறவருக்குச் சொன்னீங்க. கதவைச் சாத்தப் பார்த்த அத்தைக்குச் சொன்னீங்க. பனியிலே செத்துப்போன ரெண்டு பேருக்கும் சொன்னீங்க. அந்த அம்மாவுக்குப் பேர் இல்லையா?"

கல்யாணமான நாளிலிருந்து 'இந்தா' என்று கூப்பிட்டே பழகிய வாய். தணிகாசலம் தொண்டையைச் செருமினார். ஒரு தடவை வரவில்லை. மறுபடி செருமினார்.

"பூங்காவனம்" என்றார்.