கடல் நடந்து வந்த கதை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாட்களில், ஓர் ஆறு கடலில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு தலைநகரம் இருந்தது. அதை ஆண்டவர் மகுடவர்மர். அவர் பக்கத்து ராஜ்யத்துக்கு விருந்துக்குப் போனபோது அன்னப்பறவைகள் நீந்தும் தடாகம் ஒன்றைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நமக்கும் ஒரு தடாகம் வேண்டும், அது அந்தத் தடாகத்தைவிட இரண்டு மடங்கு பெரியதாக இருக்க வேண்டும், கடற்காற்று வாங்கிக்கொண்டே பார்க்கும்படி அரண்மனைத் தோட்டத்திலேயே இருக்க வேண்டும் என்றார்.

கடற்கரை மணலில் தடாகம் வெட்டினால் தண்ணீர் நிற்குமா என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர் நீர்ப் பிரதானி வரதராயர். நாட்டிலுள்ள ஆறு, குளம், கிணறு எல்லாவற்றையும் ஆராய்ந்து அரசருக்கு உள்ளபடி சொல்வது அவருடைய உத்தியோகம். அவர் ஆராய்ந்த விதத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அமாவாசைதோறும் தங்கக் குடம் ஒன்றில் தண்ணீர் சபைக்கு வரும். வரதராயர் குடத்துக்குள் எட்டிப் பார்ப்பார். குடம் நிறைந்திருந்தால் கிணறும் நிறைந்திருக்கிறது என்று முடிவு. பிறகு மூன்று வாய் குடித்து, வாய்க்கு ஒரு தடவை "அமிர்தம்" என்பார். சபை கை தட்டும். அத்தோடு ஒரு மாதத்து ஆராய்ச்சி முடிந்தது.

குடத்தை நிரப்பிக் கொண்டுவருபவன் அவருடைய ஆள். ஆகையால் குடம் ஒருநாளும் குறைந்ததில்லை. அந்தத் தண்ணீரும் அரண்மனைக் கிணற்றுத் தண்ணீர் அல்ல. ஆற்றின் மேல்பக்கம் இரண்டு காதம் தள்ளி இருந்த பாறை ஊற்றிலிருந்து வண்டியில் வருவது. அரசர் குடித்ததும் அதுதான், வரதராயர் வீட்டில் புழங்கியதும் அதுதான். பன்னிரண்டு வருஷம் இப்படி நாட்டின் நீர்வளத்தை ஆராய்ந்த அந்த மகான், ஒரு கிணற்றையும் குனிந்து பார்த்தவரில்லை.

தடாகம் வெட்டினார்கள். ஊற்றிய தண்ணீரில் பாதியை மணல் குடித்தது. அதற்கு வரதராயர் கண்டுபிடித்த வைத்தியம், இன்னும் அதிகமாக ஊற்றுவது. தோட்டத்துக் கிணறுகள் பத்திலும் நாற்பது ஜோடி மாடுகளைக் கட்டிக் காலை முதல் மாலை வரை கமலை இறைத்தார்கள். அன்னங்கள் வந்து நீந்தின. அரசருக்குச் சோறு இறங்கியது.

இரண்டு மாதத்தில் கீழத்தெருக் கிணறுகள் உப்பாயின. கீழத்தெரு என்பது அரண்மனை மதிலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே சாயக்காரர்கள் வாழும் நாற்பது வீடுகள். துணியில் சாயம் பிடிக்கவில்லை. கஞ்சியைக் குழந்தைகள் துப்பின. அந்தத் தெருக் கிணறுகளை எல்லாம் வெட்டியவன் கூடலிங்கம். தெருவே அவன் வாசலில் வந்து நின்றதால், அவன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சபைக்குப் போனான். இறைப்பதைக் குறைத்தால் கிணறுகள் பிழைக்கும் என்று விண்ணப்பம் செய்தான்.

வரதராயருக்கு முகம் சிவந்தது. பன்னிரண்டு வருஷமாக அமிர்தம் என்று சபை கேட்டிருக்கிற தண்ணீரை கிணறு வெட்டுகிற ஒருவன் உப்பு என்கிறானா? கீழத்தெருவுக்கும் கடலுக்கும் நடுவே நிலம் இருக்கிறது, கடல் எப்படி வரும் என்று கேட்டார்.

கூடலிங்கம் கைகட்டியபடியே சொன்னான். "கடல் மேலாக வரலைங்க சாமி, அடியில வருது. மண்ணுக்குள்ள மழைத்தண்ணி மேல கிடக்கும், கடல்தண்ணி கீழ கிடக்கும். மேல இருக்கிற நல்ல தண்ணி அமுக்கிக்கிட்டு இருக்கிறவரைக்கும் உப்பு எந்திரிக்காது. நாம மேல இருக்கிறத இறைச்சுத் தீர்த்தா, அது எந்திரிச்சு வந்துரும். இப்ப எங்க தெருவுக்கு வந்திருக்கு. அடுத்தது மதிலுக்கு உள்ளதான் வரும்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. கடல் எழுந்து நடக்குமாம், அதற்குக் கால் எத்தனை, செருப்பு என்ன அளவு என்றெல்லாம் கேட்டார்கள். சிரிக்காமல் இருந்தவன் ஒருவன்தான். அவன் எட்டியப்பன், அரசரைச் சிரிக்க வைப்பதற்காக வைத்திருந்த விகடன். எல்லாரும் சிரிக்கும் இடத்தில் விகடன் சும்மா இருந்தால் அரசருக்குப் பிடிக்காது. என்ன காரணம் என்று கேட்டார்.

"மகாராஜா, இந்தச் சபையில் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தவன் இவன் ஒருவன். குடத்துக்குள் எட்டிப் பார்த்தவர் இவர் ஒருவர். யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றான் எட்டியப்பன்.

வரதராயர் இந்தச் சமயத்துக்காக வெகுகாலம் காத்திருந்தவர். அரசர் எட்டியப்பனோடு பேசிச் சிரிக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வயிறு எரியும். எழுந்து வணங்கி, நயமாகச் சொன்னார். "பிரபு, விகடருக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்குமானால் மெய்ப்பிக்கட்டும். கடல் தானாக நடந்து இந்தச் சபைக்கு வந்து சேர வேண்டும். ஒருவரும் கடற்கரையிலிருந்து சுமந்து வரலாகாது. வாய்க்கால் வெட்டலாகாது. வண்டி, பல்லக்கு எதுவும் ஆகாது. வரவில்லையானால், சமுத்திரராஜன்மேல் பொய்ப் பழி சொன்ன குற்றத்துக்காகக் கூடலிங்கத்தைக் குடும்பத்தோடு மணல்திட்டில் கொண்டுபோய் விட வேண்டும். துணைக்கு விகடரும் போகட்டும்."

மணல்திட்டு என்பது கழிமுகத்துக்கு வெளியே கடலுக்குள் கிடந்த மேடு. அங்கே நண்டு உண்டு. குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. கூடலிங்கத்துக்கு மனைவியும் மூன்று பெண்களும் இருந்தார்கள். கடைசிப் பெண் இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தது. அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தும் அரசருக்கு உறைக்கவில்லை. அவருக்கு நல்ல பந்தயம் ஒன்று கிடைத்துவிட்டது. சம்மதம், கடல் வந்தால் எட்டியப்பன் கேட்டதைக் கொடுப்பேன், எத்தனை நாள் தவணை வேண்டும் என்றார்.

எட்டியப்பன் கூடலிங்கத்தின் பக்கம் திரும்பினான். கூடலிங்கம் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு எட்டு நாள் என்றான். எட்டாம் நாள் அமாவாசை. அன்று கடல் ஏறிக் கழிமுகம் நிரம்பும் என்பது அங்கே வாழ்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். வரதராயருக்கு மட்டும் தெரியாது. அவருக்கு அமாவாசை என்றால் குடம்.

எட்டியப்பன் இரண்டு வரம் கேட்டான். வருகிற விருந்தாளிக்கு உள்ளே இடம் வேண்டும் அல்லவா, ஆகையால் நாற்பது ஜோடி மாடுகளுக்குப் பதில் எண்பது ஜோடி கட்டி இறைக்க உத்தரவாக வேண்டும். இரண்டாவது, எட்டாம் நாள் தங்கக் குடத்தை அரசர் கண்முன்னே, அரண்மனைப் பரிவாரம் குடிக்கும் குடிநீர்க் கிணற்றில் நிரப்ப வேண்டும். முதலாவதைக் கேட்டு வரதராயருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தடாகம் பாதியிலேயே நிற்கிறதே என்று அரசர் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார். மாடுகளைத் தாமே தேடிப் பிடித்துக் கட்டுகிறேன் என்றார். இரண்டாவதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் கூடலிங்கம் எட்டியப்பனைக் கோபித்துக்கொண்டான். "என்னய்யா இது, குறைக்கச் சொல்லி வந்தா கூட்டிவிட்டுட்டீரே? எங்க கிணறு என்னத்துக்கு ஆகும்?"

"உன் கிணறு ஏற்கெனவே போய்விட்டது அப்பா. உன் தெரு நாக்கு உப்பு என்று சொன்னால் இங்கே யாருக்கும் கேட்காது. கேட்கிற நாக்கு ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு உப்பு எட்ட வேண்டும்" என்றான் எட்டியப்பன்.

எண்பது ஜோடி மாடுகள் இறைத்தன. தடாகம் தளும்பியது. குடிநீர்க் கிணறு அந்தத் தோட்டத்து ஓரத்திலேயே இருந்தது. வரதராயர் தமது ஆளை அனுப்பி, அதில் வாளி போட்டுத் தினமும் ருசி பார்க்கச் சொன்னார். ஆறாம் நாள் வரை தண்ணீர் இனிப்பாகவே இருந்தது. இனிமேல் ருசி பார்க்க வேண்டியதில்லை என்று ஆளை நிறுத்திவிட்டார். மணல்திட்டுக்குப் போகப் படகு ஒன்றை அவர் தயாராக நிறுத்தினார். படகில் யார் எங்கே உட்கார வேண்டும் என்றுகூடச் சொல்லிவைத்தார். இந்த மாதிரி வேலைகளில் அவருக்கு மிகுந்த சுறுசுறுப்பு.

அதே ஆறாம் நாள் அந்தக் கிணற்றுக்கு வந்த கூடலிங்கம் வாளி போடவில்லை. சுரைக்குடுக்கை ஒன்றில் கல்லைக் கட்டி, வாயைத் துணியால் அடைத்து, அடைப்புக்குத் தனியாக ஒரு நூல் கட்டினான். குடுக்கை கிணற்றின் அடிக்குப் போனதும் நூலைச் சுண்டி அடைப்பைப் பிடுங்கினான். அடித்தண்ணீர் மட்டும் குடுக்கையில் நிறைந்தது. மேலே தூக்கி நாக்கில் வைத்துப் பார்த்தான். எட்டியப்பனிடம் நீட்டினான். எட்டியப்பன் ஒரு சொட்டு வைத்துக்கொண்டதும் முகத்தைச் சுளித்தான். மேல்தண்ணீர் இனித்துக்கொண்டிருந்தபோதே அடியில் விருந்தாளி வந்து உட்கார்ந்துவிட்டார். இருந்தாலும் இரண்டு நாளில் மேலே ஏறுவாரா என்பது யாருக்கும் தெரியாது. அன்று கூடலிங்கத்தின் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டியதைப் பார்த்த எட்டியப்பனுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பரிகாசம் ஒன்றும் வாயில் வரவில்லை. அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது.

அமாவாசையன்று காலை கடல் ஏறியது. ஆறு பின்வாங்கிக் கழிமுகம் முழுவதும் உப்பு நீர் நின்றது. அரசர் பரிவாரத்தோடு கிணற்றடிக்கு வந்தார். சேவகன் அவர் கண்முன்னே குடத்தை நிரப்பினான். சபை கூடியது. குடம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. வரதராயர் வழக்கம்போல எட்டிப் பார்த்து, கிணறு பரிபூரணமாக இருக்கிறது என்று அறிவித்துவிட்டு, ஒரு வாய் நிறையக் குடித்தார்.

உடனே அவருடைய கண் இரண்டும் வெளியே வந்தன. ஆனாலும் பன்னிரண்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, "அமிர்தம்" என்றார். இரண்டாவது தடவை குடித்துவிட்டு, "அமிர்தம்" என்றபோது குரல் கம்மியது. மூன்றாவது வாயை அவரால் விழுங்கவும் முடியவில்லை, சபையில் துப்பவும் முடியவில்லை. கன்னம் இரண்டும் உப்பியபடி நின்றார்.

எட்டியப்பன் குடத்தை வாங்கி அரசரிடம் நீட்டினான். பிரதானி இரண்டு தடவை அமிர்தம் என்று சொல்லிவிட்டார், மூன்றாவது தடவை சொல்ல வேண்டியவர் தாங்கள்தான் என்றான். அரசர் வாங்கிக் குடித்தார். குடித்த வேகத்தில் ரத்தினக் கம்பளத்தின் மேலேயே துப்பினார்.

எட்டியப்பன் குடத்தைக் கீழே வைத்து அதற்கு ஒரு கும்பிடு போட்டான்.

"மகாராஜா, சமுத்திரராஜன் வந்திருக்கிறார். கடற்கரையிலிருந்து ஒருவரும் சுமக்கவில்லை. வாய்க்கால் இல்லை, வண்டி இல்லை, பல்லக்கு இல்லை. தரைக்கு அடியில் தானாகவே நடந்து வந்தார். வழியில் கீழத்தெருவில் கொஞ்ச நாள் தங்கியிருந்தார். அங்கே அவரைப் பார்த்தவர்கள் வந்து சொன்னபோது, செருப்பு என்ன அளவு என்று இந்தச் சபை கேட்டது."

என் கிணற்றைக் கெடுத்துவிட்டாயே என்று அரசர் எழுந்தார். அவர் கை வாளுக்குப் போனதைக் கூடலிங்கம் பார்த்தான். எட்டியப்பன் நகரவில்லை. கெடுக்கும் வேலை ஏற்கெனவே நாற்பது ஜோடி மாடுகளோடு நடந்துகொண்டிருந்தது, நான் அதைக் கொஞ்சம் விரைவுபடுத்தினேன், இல்லையென்றால் நாலு மாதம் கழித்து அன்னமெல்லாம் செத்து மிதக்கும்போது தங்களுக்குத் தெரிந்திருக்கும், அப்போதும் குடம் நிறைந்துதான் இருந்திருக்கும் என்றான்.

அரசர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் வரதராயர் கண்ணில் பட்டார். அந்த மனிதர் இன்னும் கன்னம் உப்பியபடியே நின்றுகொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிந்தது. அரசருக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. வாளை விட்டுவிட்டுச் சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அரசர் சிரித்ததும் சபையும் சிரித்தது. எட்டு நாளுக்கு முன் கூடலிங்கத்தைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்தான். அவர்களுக்கு யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது பெரிய விஷயம் இல்லை.

மாடுகளை அவிழ்க்க அரசர் அங்கேயே உத்தரவிட்டார். கூடலிங்கத்திடம் கிணறுகள் எப்போது தேறும் என்று கேட்டார். மூன்று மழைக்காலம் பொறுக்க வேண்டும், அதுவரை ஒருவரும் அதிகமாக இறைக்கக் கூடாது என்றான் அவன். இனி நாட்டுக் கிணறுகளை உன் குடுக்கைதான் ஆராயும் என்று அரசர் தம் கைக்கடகத்தைக் கழற்றி அவனுக்குப் போட்டார். எட்டியப்பனுக்கு முத்துமாலை ஒன்றை எடுத்தார்.

எட்டியப்பன் மாலையை வாங்கிக்கொண்டான், விகடன் அவ்வளவு பெரிய துறவி அல்ல. ஆனால் கேட்டதைத் தருவதாக வாக்கு இருக்கிறதே என்று நினைவூட்டினான். பாறை ஊற்றிலிருந்து வரதராயர் வீட்டுக்குப் போகும் தண்ணீர் வண்டிகள் எல்லாம் இனிக் கீழத்தெருவுக்குப் போக வேண்டும். கீழத்தெருக் கிணறு இனிக்கும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணீர் வரதராயர் வீட்டுக்கு வர வேண்டும். தினமும் மூன்று குடம். இதுதான் வேண்டும் என்றான்.

அரசர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்காமலே முத்திரை வைத்துக் கொடுத்தார்.

அன்று பகல் வரதராயர் வீட்டில் பருப்பு வேகவில்லை. மறுநாளும் வேகவில்லை. மூன்றாம் நாள் அவர் சபையில் எழுந்து நின்றார். வற்றிய உதட்டை நனைத்துக்கொண்டு, கீழத்தெருக் கிணறு தாங்க முடியாத உப்பு, அங்கே மனிதர்கள் எப்படி வாழ்கிறார்களோ தெரியவில்லை, அரசர் தயவுசெய்து உடனே கவனிக்க வேண்டும் என்று கண்ணீரோடு அறிக்கை வாசித்தார். வார்த்தைக்கு வார்த்தை அத்தனையும் உண்மை.