தலைக்கு மேல் மூன்று விரல்

"இந்தத் தடவையும் நான் இல்லையாம், மேடம்."

பேச்சிமுத்து கடிதத்தை மேசைமேல் வைத்தார். ரூபாவதி அதை எடுத்துப் படிக்கவில்லை. பதிலாக என்ன ஏற்றுகிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

ஏதோ கருவியாம். எண்பத்திரண்டு கிலோ. பேச்சிமுத்துவின் எடையும் அதுதான்.

ரூபாவதி விண்வெளிக்குப் போய் வந்தவர். நூற்று நாற்பது நாள் மேலே இருந்தார். அந்த நாட்டில் அவருக்கு முன்னால் எந்தப் பெண்ணும் அங்கே போனதில்லை.

இறங்கி வந்தபின் இருபத்தாறு வருடம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். விமானிகளும் விஞ்ஞானிகளும் போனால் போதாது, பாத்திரம் தேய்க்கிறவரும் போக வேண்டும் என்றார். பள்ளி மைதானங்களில் சொன்னார். மில் வாசல்களில் சொன்னார். மந்திரிகளின் அறைகளில் நின்றுகொண்டே சொன்னார்.

கடைசியில் ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு பயணத்திலும் ஓர் இருக்கை, சாதாரண மனிதருக்கு.

பேச்சிமுத்து அரசு பஸ் கண்டக்டராக இருந்தவர். பஸ் ஸ்டாண்டில் ரூபாவதி பேசியதைக் கேட்டு நின்றுவிட்டார். டிரைவர் மூன்று முறை ஹாரன் அடித்தும் ஏறவில்லை.

மனுப் போட்டார். முதல் ஆளாகத் தேர்வானார். பயிற்சி நிலையத்துக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. இப்போது அவருக்கு ஐம்பது வயது.

ஆரம்பத்தில் ஊருக்குப் போனால் டீக்கடையில் கேலி செய்வார்கள். என்ன கண்டக்டர், ராக்கெட் இன்னும் டிப்போவை விட்டுக் கிளம்பலையா என்பார்கள். அவரும் சிரிப்பார்.

இரண்டு வருடமாக யாரும் கேட்பதில்லை. அவர் வந்ததும் பேச்சை மழைக்கும் கரண்டுக்கும் மாற்றிவிடுகிறார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இருக்கட்டுமா, போகட்டுமா? நீங்க ஒண்ணு சொல்லுங்க, மேடம். உங்க பேச்சைக் கேட்டுத்தான் வந்தேன்."

ரூபாவதி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பின்கட்டில் ஒரு கிடங்கு இருந்தது. உள்ளே வரிசையாக இருக்கை அச்சுகள். பயணம் போகிற ஒவ்வொருவரையும் ஈரப் பிளாஸ்டரில் படுக்க வைத்து, முதுகையும் தலையையும் அச்செடுப்பார்கள். ஒருவரின் அச்சு இன்னொருவருக்குப் பொருந்தாது. எடுத்ததும் துணி சுற்றி முத்திரை வைத்துவிடுவார்கள். புறப்படுகிற வாரம்தான் பிரிப்பார்கள்.

முதலில் இருந்தது ரூபாவதியுடையது. அதற்கு மட்டும் துணி இல்லை.

தலை பதிகிற குழிக்கு மேலே கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். பேச்சிமுத்து வைத்தார். குழிக்கும் மேல் விளிம்புக்கும் நடுவே மூன்று விரல் நுழைந்தது.

இந்த இடைவெளி எதற்கு என்று கேட்டார் ரூபாவதி.

அது முதல் மாதத்துப் பாடம். பேச்சிமுத்து ஒப்பித்தார். மேலே எடை இல்லாததால் முதுகெலும்பு நீளும். திரும்பும்போது ஆள் மூன்று விரல் வளர்ந்திருப்பார். இடம் விடாவிட்டால், தரையில் மோதுகிற அதிர்ச்சியில் கழுத்து போய்விடும். அதனால் அச்செடுக்கும்போது தலைக்கு மேல் ஒரு பலகை வைப்பார்கள்.

"உங்களுதைப் பிரிங்க."

முத்திரை இருக்கிறதே என்று அவர் தயங்கினார். ரூபாவதியே துணியைக் கிழித்தார்.

பேச்சிமுத்து விரலை வைத்தார். நுழையவில்லை.

ஒற்றை விரலை வைத்தார். அதுவும் நுழையவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அச்சுக்குள் ஏறிப் படுத்தார். உச்சந்தலை அச்சின் மேல் விளிம்பில் முட்டியது.

பலகை வைக்க மறந்துவிட்டார்களோ என்றார், படுத்தபடியே.

ரூபாவதி அடுத்த அச்சைக் காட்டினார். பேச்சிமுத்து எழுந்து அதைப் பிரித்தார். அதற்கடுத்ததைப் பிரித்தார். பிறகு காட்டத் தேவையிருக்கவில்லை. சாதாரண மனிதர்களின் அச்சுகள் மொத்தம் பதினான்கு; மற்றப் பதின்மூன்றையும் அவரே பிரித்தார். எதிலும் விரல் நுழையவில்லை.

அச்செடுக்கிறவர்கள் தாளில் இருக்கிறபடி செய்கிறார்கள் என்றார் ரூபாவதி. போகிறவர் என்றால் தாளில் பலகை உண்டு. இந்தப் பதினான்கும் பத்திரிகைப் படத்துக்கும் கண்காட்சிக்கும்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும், மேடம்?"

"நீங்க படுத்த அன்னிக்கே. உங்க தலையைப் பிடிச்சுக்கிட்டிருந்தது நான்தானே."

கிடங்குக்கு வெளியே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்தார்கள். வாளி நிரம்பியதும் மூடினார்கள்.

அன்றைக்கே மேலதிகாரிகளிடம் போய்க் கேட்டதாகச் சொன்னார் ரூபாவதி. வெளியே சொன்னால் திட்டத்தையே மூடிவிடுவோம், பொறுத்தால் அடுத்த ஆளுக்குப் பலகை வைப்போம் என்றார்களாம்.

"பதினாலு தடவை நம்பினேன்" என்றார்.

பேச்சிமுத்து கைகளில் இருந்த வெள்ளைத் தூளை வேட்டியில் துடைத்தார்.

"இருபது வருஷம் கண்டக்டரா இருந்தேன், மேடம். போகாத பஸ்ஸுக்கு ஒரு நாளும் டிக்கெட் கிழிச்சதில்லை."

ரூபாவதி தலையசைத்தார்.

அப்போது ஊழியர் ஒருவர் வந்து, பதினைந்தாவது ஆள் வந்துவிட்டதாகவும் பிளாஸ்டர் கலந்தாகிவிட்டதாகவும் சொன்னார்.

"எனக்கு மணிக்கட்டு நிக்கிறதில்லை. இன்னிக்கு நீங்க தலையைப் பிடிங்க" என்றார் ரூபாவதி.

"அந்த ஆள்கிட்ட நான் சொல்லிடுவேன்."

"சொல்லுங்க."

வந்திருந்தவர் பெயர் கோசலை. அங்கன்வாடி ஆயா. நாற்பது வயதிருக்கும். ஏற்கெனவே ஈரப் பிளாஸ்டரில் படுத்திருந்தார். பலகை சுவரோரம் சாய்ந்து நின்றது. அதில் தூசி படிந்திருந்தது.

பேச்சிமுத்து தலைமாட்டில் மண்டியிட்டு, அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்தார். தேங்காய் எண்ணெய் விரல்களில் ஒட்டியது.

"எங்க கல்யாண நலுங்குக்குக்கூட இவ்வளவு பூசலை, அண்ணாச்சி."

ஊழியர்கள் சிரித்தார்கள். கோசலைக்குப் பேச்சு நிற்கவில்லை. ஊரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்திருக்கிறார்களாம். உள்ளே விடாததால் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்களாம். அங்கன்வாடிப் பிள்ளைகள், ஆயா நிலாவில் சோறு வைப்பாங்களா என்று கேட்கிறார்களாம்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் பேச்சிமுத்து.

"சொல்லுங்க, அண்ணாச்சி."

அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் கோசலையே தொடர்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் எங்கூடப் பேசி நாலு வருஷம் ஆச்சு. இன்னிக்கு வேன்ல என் பக்கத்துல உக்காந்து வந்தாரு. பயமா இருக்கான்னு கேட்டாரு."

பிளாஸ்டர் இறுகத் தொடங்கியது. இறுகும்போது அது சூடாகும். அந்தச் சூடு பேச்சிமுத்துவின் புறங்கையில் ஏறியது.

கோசலை கண்ணை மட்டும் உயர்த்தி அவரைப் பார்த்தார்.

"நாம எப்போ போவோம், அண்ணாச்சி?"

பேச்சிமுத்து வாசலைப் பார்த்தார். ரூபாவதி அங்கே நின்றிருந்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலையை ஆட்டாதீங்கம்மா" என்றார் பேச்சிமுத்து.